ஒரு படி வெளுத்த பல்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்தவர் அப்பா. சின்ன வகுப்பில் படிக்கும்போது, கணக்கு டீச்சர் பலகையில் போட்ட கூட்டல் தப்பு என்று எழுந்து நின்று சொல்லிவிட்டாள். டீச்சர் அவளை வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தார். வேறு வீடாக இருந்தால் அந்தச் சேதிக்கு முதுகில் இன்னும் ரெண்டு விழுந்திருக்கும். இவள் அப்பாவோ அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, எதிரே வந்தவர் போனவர் எல்லாரிடமும், "எம் பொண்ணு சரியான வாயாடி, யாரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா கேட்டுடுவா" என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும் என்று ஆகிவிட்டது.

அப்பா வெல்டர். அவர் வைத்த ஒட்டைத் தடவிப் பார்த்தால் எங்கே ஒட்டினார் என்று விரலுக்குத் தெரியாது. தொழிலில் அப்படி ஒரு சுத்தம். கோபமோ மூக்கு நுனியில். பட்டறை முதலாளி ஒரு வார்த்தை தடித்துப் பேசிவிட்டால் போதும், கையுறையைக் கழற்றி அவர் மேஜை மேல் வைத்து, "நீங்களே பத்த வச்சுக்குங்க" என்று கிளம்பிவிடுவார். அவர் கால் வைக்காத பட்டறை அந்த ஊரில் இல்லை. நிலைத்த பட்டறையும் இல்லை. வேலையை விட்ட கதையை அவர் வாயால் கேட்க வேண்டுமே! முதலாளி குரலில் பேசி, தன் குரலில் பதில் சொல்லி, நடுநடுவே எழுந்து நடித்தும் காட்டுவார். வாயாடி விழுந்து விழுந்து சிரிப்பாள். அம்மா மட்டும் சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த வாயாடி இப்போது புருஷன், மகள் சகிதம் கடல் தாண்டி வந்து ஒரு பல் லேபில் வேலை செய்கிறாள். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அளவுக்குப் பல்லோ, பல் மேல் மாட்டுகிற கேப்போ செய்து கொடுப்பது லேபின் வேலை. வாயாடிக்கு ஒதுக்கியது முன்பற்கள். பீங்கான் பொடியைக் குழைத்து, தூரிகையால் பூச்சுப் பூச்சாக ஏற்றி, குட்டிச் சூளையில் சுட்டு எடுக்க வேண்டும். கடைவாய்ப் பல் எப்படி இருந்தாலும் மென்றால் சரி. முன்பல் அப்படியா? பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகவில்லை என்றால், வாயைத் திறந்ததும் ஊருக்கே தெரிந்துவிடும். வாயாடி செய்த பல்லை அவ்வளவு சுலபத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை. அந்த விஷயத்தில் அவள் அப்பாவுக்குப் பிறந்தவள்தான்.

லேப் முதலாளியும் நம் ஆள்தான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் வெறும் கையோடு வந்து, முன்னுக்கு வந்தவர். வாயாடிக்கு விசா ஸ்பான்சர் செய்தவர் அவர். ஸ்பான்சர் என்றால் வேறொன்றுமில்லை. இவள் எனக்கு வேண்டும், இவளுக்கு நான் பொறுப்பு என்று அந்த ஊர் அரசாங்கத்துக்கு அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த எழுத்தின் மேல் வாயாடி நிற்கிறாள். அவளைப் பிடித்துக்கொண்டு, ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிற புருஷன் நிற்கிறான். இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிற மகள் நிற்கிறாள்.

முதலாளி கெட்டவராக இருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். திட்டிவிட்டாவது தூங்கலாம். அவரோ நல்லவர். வந்து இறங்கிய அன்று தானே காரோட்டி வந்து அழைத்துப் போனார். வாடகை வீட்டுக்குச் சிபாரிசு செய்தார். காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "ஒரு அவசர வேலைம்மா, நீ வந்தாத்தான் ஆகும்" என்பார். அவர் வீட்டு விருந்துக்குக் கூப்பிடுவார். போய்ப் பார்த்தால் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் ஆள் குறைவாக இருக்கும். வருகிறவர்களிடம் அவள் தோளைத் தட்டி, "இவ என் பொண்ணு மாதிரி. நான் இல்லேன்னா இவ இந்த ஊர்லயே இல்லை, கேட்டுப் பாருங்க" என்று சிரிப்பார். வாயாடியும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த நிலவரத்தில்தான் அப்பா வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி, விமானத்தில் உட்கார முடியாது என்று அவர் மட்டும் வந்தார். வந்த மறுநாளே தெருமுனைக் கடைக்காரரோடு கைஜாடையில் சிநேகமாகிவிட்டார். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுகிற வழியில் எல்லா வீட்டு இரும்புக் கேட்டையும் தடவிப் பார்த்து, "இது ஒட்டா இது, காக்கா எச்சம்" என்று மார்க் போட்டார். வீட்டில் உட்கார்ந்த நேரமெல்லாம் மகளைப் பற்றிய பெருமைதான்.

அப்போது விசாவைப் புதுப்பிக்கிற நேரம். முதலாளி மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். அதே சமயம், ஊரின் அந்தக் கோடியில் இருந்த இன்னொரு லேபிலிருந்தும் வாயாடியைக் கூப்பிட்டிருந்தார்கள். இருப்பதா, போவதா? புருஷனும் பெண்டாட்டியும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தினமும் இதே பேச்சு.

"சரி, மறுபடி ஒண்ணொண்ணாப் பாப்போம்" என்றான் புருஷன். குழம்புக்கு உப்புப் போடுவதற்குக்கூட இரண்டு தடவை யோசிக்கிறவன் அவன். "இங்கயே இருந்தா பேப்பர் தானா நகரும். இவருக்கு வக்கீல் இருக்காரு, பழக்கம் இருக்கு. இன்னும் கொஞ்ச வருஷம் பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிட்டா, நிரந்தரமா தங்கறதுக்கே எழுதிப் போடலாம். அதுக்கப்புறம் நீ யாருக்கும் பயப்பட வேண்டாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பயப்படணும்."

"அங்க போனா?"

"சம்பளம் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை நம்மளது. யார் வீட்டுப் பாத்திரமும் கழுவ வேண்டாம். ஆனா அவங்க இதுவரைக்கும் யாருக்கும் ஸ்பான்சர் பண்ணதில்லை. பண்றோம்னு வாயாலதான் சொல்றாங்க. நீ போறேன்னு சொன்ன அன்னைக்கே இவர் கைய விரிச்சு, அங்க பேப்பர் இழுத்துட்டா? பாப்பாவோட பரீட்சை நடுவுல பெட்டியக் கட்டணும்."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "என்ன மாப்ள, கத்திரிக்கா வாங்கற மாதிரி புரட்டிப் புரட்டிப் பாக்கறீங்க? பிடிக்கலைன்னா விட்டுத் தள்ள வேண்டியதுதானே! கையில தொழில் இருக்கு. எம் பொண்ணு எங்க போனாலும் பொழைச்சுக்குவா."

மாப்பிள்ளை மரியாதைக்காரன். குரலை உயர்த்தவில்லை. "மாமா, நீங்க வேலைய விட்டப்ப ஊர் அங்கயேதான் இருந்துச்சு. இங்க வேலைய விட்டா ஊரையே விடணும்."

அப்பா மகளைப் பார்த்தார், நீ சொல்லு என்பது போல. வாயாடி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஆறிப்போன டீ.

பேச்சை மாற்றத்தான் அவள் ஒரு பல் கதையை எடுத்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்திக்கு முன்பல் உடைந்துவிட்டது. அவளுக்குப் பார்த்த டாக்டரம்மா கேப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பல்லின் நிறத்தை ஷேட் என்பார்கள். வரிசையாக மாதிரிப் பற்கள் இருக்கும், அதை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எடுப்பார்கள். முன்பல் என்றால் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு முதலாளியே நேரில் போய் ஷேட் எடுப்பது வழக்கம். அதை டாக்டர் பல்லை ராவிச் சின்னதாக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். ராவுகிறவரை வாயைத் திறந்தே வைத்திருந்தால் எச்சில் காய்ந்து, பற்கள் வெளுத்துத் தெரியும். ஈரமான பல் ஒரு நிறம், காய்ந்த பல் வேறு நிறம். அன்றைக்கு முதலாளி போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார். காய்ந்து கிடந்த வாயில் ஷேட் எடுத்து, போட்டோவும் பிடித்துக்கொண்டு வந்தார்.

வாயாடி எழுந்து முதலாளி போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினாள். "ஷேட் எடுக்கறதுக்கு ஒரு கண்ணு வேணும்மா, கண்ணு! அது பொறப்புலயே வரணும்!" அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்கிற விதம், நாக்கைச் சப்புக்கொட்டுகிற விதம், ஒன்றும் பாக்கியில்லை. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இத்தனை வருஷம் கழித்து அவருக்கு ஜோடியாக ஒரு நடிகை கிடைத்துவிட்டாள்.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதுக்கு நீ என்ன சொன்னே?" என்று கேட்டார். அவர் கதைகளில் எப்போதும் அதற்கப்புறம்தானே விஷயமே இருக்கும்.

"எதுக்குப்பா?"

"போட்டோவப் பாத்ததும் உனக்குத் தெரிஞ்சிருக்குமே, ஷேட் தப்புன்னு."

"தெரிஞ்சுது. பாத்ததுமே தெரிஞ்சுது, ஒரு படி வெளுப்பு."

"அதான், என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலப்பா. அவர் எழுதிக் குடுத்தபடியே செஞ்சு அனுப்பிட்டேன்." அவர் முகத்தைப் பார்க்காமல், "கையெழுத்துப் போடற நேரம்பா. இப்பப் போய் அவர் கண்ணு சரியில்லேன்னு சொல்ல முடியுமா?" என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார். புரிந்துகொண்டவர் ஆட்டுகிற ஆட்டல் இல்லை. கதை இங்கேயா முடிகிறது என்று திகைத்தவர் ஆட்டுகிற ஆட்டல். வாயாடிக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய் ஒரு காரணமும் இல்லாமல் அடுப்பைத் துடைத்தாள்.

மறுநாள் அவரை லேபுக்கு அழைத்துப் போனாள். அவர் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், அந்தக் குட்டிச் சூளையைப் பார்க்க வேண்டுமென்று. முதலாளி தாராளமாகச் சம்மதித்தார். வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்க பெரியவரே" என்று கை குலுக்கி, நாற்காலி போட்டு, காபியும் வரவழைத்தார். அப்பா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, சமமான ஆளோடு பேசுவது போலப் பேசினார். எந்த ஊர், என்ன தொழில், சூளைக்குள் எவ்வளவு சூடு, கரண்ட் போனால் என்ன ஆகும். உள்ளங்கை அகலச் சூளைக்குள்ளிருந்து தட்டு இறங்கி, அதன் மேல் பளபளவென்று ஒரு பல் நின்றபோது, சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

"உங்க பொண்ணு கெட்டிக்காரி" என்றார் முதலாளி. "கொண்டுவந்து சேத்தது நான்தான்."

அந்த நேரத்தில்தான் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டரம்மா வந்தாள். கூடவே ஒரு இளம்பெண், வாயைக் கையால் மூடிக்கொண்டு. டாக்டரம்மா அந்த ஊர்க்காரி. அந்த ஊர் மொழியில் படபடவென்று பொரிந்தாள். அவள் சொன்னதன் சாரம் இதுதான்: கேப்பை மாட்டி அனுப்பினேன், வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், இந்தப் பெண் வகுப்புக்குப் போக மாட்டேன் என்று வந்து நிற்கிறாள், என் பேர் கெடுகிறது. பிறகு அந்தப் பெண்ணிடம் கையை எடுக்கச் சொன்னாள். டீச்சர் தயங்கித் தயங்கி எடுத்தாள். மொழி தெரியாதவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வரிசையில் ஒரு பல் மட்டும் டியூப்லைட் போட்டது போல நின்றது.

முதலாளி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவருக்கும் அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது என்பதை வாயாடி கண்ணால் பார்த்தாள். அவர் கழுத்து சிவந்தது. டாக்டரம்மா பெரிய வாடிக்கை.

"நான் எடுத்துக் குடுத்த ஷேட் சரியாத்தான் இருந்தது" என்றார், டாக்டரம்மாவிடம். "பொடி குழைக்கும்போது எங்க ஆள் மாத்தி எடுத்துட்டாங்கன்னு நினைக்கிறேன்." சொல்லிவிட்டு வாயாடியின் பக்கம் திரும்பினார். அதட்டலாக ஒன்றும் இல்லை. கிட்டத்தட்ட கெஞ்சலாகத்தான் இருந்தது அந்தப் பார்வை. "என்னம்மா, அப்படித்தானே?" என்று தமிழில் கேட்டார்.

வாயாடிக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது விசா இல்லை, மகளின் பரீட்சை இல்லை. பின்னால் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். கூடவே, அவர் இங்கே வராமலே இருந்திருக்கலாம் என்றும் நினைத்தாள். பெற்ற தகப்பனைப் பற்றி அப்படி நினைத்ததற்கு அப்புறம் எத்தனையோ முறை கூனிக் குறுகியிருக்கிறாள். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

"ஆமா சார், நான்தான்" என்றாள். டாக்டரம்மாவிடம் திரும்பி, அவள் மொழியில், "மன்னிச்சுக்குங்க, ஒரு படி வெளுப்பான பொடியை எடுத்துட்டேன். என் கவனக்குறைவு" என்று சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கக்கூட இல்லை. சுத்தமாக, தெளிவாக, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது போல வந்தது.

பின்னால் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. சரி, போச்சு, என்று நினைத்தாள். அப்பா எழுந்துவிட்டார். இனி அந்த அறையில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை பட்டறைக் கதை கேட்டிருக்கிறாள்.  ஆனாலும் உள்ளுக்குள், பேசட்டும், யாராவது பேசட்டும் என்று ஒரு ஆசையும் இருந்தது.

அப்பா முன்னால் வந்தார். டாக்டரம்மாவைப் பார்த்து, "சாரி, சாரி" என்றார். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. டீச்சரைப் பார்த்தும் "சாரி" என்றார். அந்தப் பெண் பதறிப்போய், மறுபடி வாயை மூடியிருந்த கையை எடுத்து, பரவாயில்லை என்று ஆட்டினாள். பிறகு அப்பா முதலாளியின் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, பொண்ணு ஏதோ தெரியாம பண்ணிட்டா. இனிமே கவனமா இருப்பா. மனசுல வச்சுக்காதீங்க. உங்களை நம்பித்தான் இங்க இருக்கா."

வாயாடி தன் அப்பாவின் முதுகை அந்த வளைவில் அதுவரை பார்த்ததில்லை. கும்பிடக்கூட அவருக்குச் சரியாக வரவில்லை. பழக்கமில்லாதவர் செய்கிற வேலை என்று பார்த்தாலே தெரிந்தது. கையை எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று தெரியாமல், முதலாளி அவர் தோளைத் தொட்டு, "அட, என்ன பெரியவரே, விடுங்க, விடுங்க" என்று சொல்கிறவரை வைத்திருந்தார்.

அவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தரையோ பளிங்கு மாதிரி பளபளப்பாக, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. கேப்பைக் கழற்றி, மறுபடி இலவசமாகச் செய்து தருவதாகப் பேசி, டாக்டரம்மாவை அனுப்பிவைத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா சூளையைப் பற்றியே பேசினார். என்ன சூடு, என்ன சின்ன வாய், நம்ம பட்டறையில இந்த மாதிரி ஒண்ணு இருந்தா. வாயாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினாள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். "விட்டுத் தள்ளு" என்று மட்டும் அப்போது அவர் சொல்லியிருந்தால், அந்த பஸ்ஸிலிருந்தே அடுத்த லேபுக்குப் போன் போட்டிருப்பாள். நாளைக்கு ஏதாவது கோளாறானால் அப்பா பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் ஒரு ஆள் இருந்திருப்பார். அவர் சொல்லவே இல்லை. நிறுத்தம் வந்ததும் இறங்கினார்கள்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள். "அப்பா, நான் அந்த இன்னொரு இடத்துக்கே சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

அப்பா பேத்தியின் சட்டை ஒன்றை எடுத்து, கையைக் கையோடு சேர்த்து மடித்தார். "வேண்டாம்மா. இங்கயே இரு."

"நேத்து வேற மாதிரி சொன்னீங்க?"

"நேத்து தெரியாம பேசினேன். மாப்பிள்ளை சொல்றதுதான் சரி."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். எதிரில் இருந்தவர் மேல் போய் விழுந்தது. "நீங்க எதுக்குப்பா கும்பிட்டீங்க? தப்பு என்னுது இல்லைன்னு உங்களுக்குத்தான் தெரியுமே! நேத்துதானே சொன்னேன்!"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு? நான்தான் சொல்லிட்டேனே, அதோட விட்டிருக்கலாமே. உங்களை யார் வரச் சொன்னா நடுவுல?"

அப்பா சட்டையைக் கீழே வைத்தார். "நீ 'நான்தான்'னு சொன்னே பாரு, அப்ப கண்ணாடிக் கதவுல உன் முகம் தெரிஞ்சுது. உங்கம்மா மாதிரியே இருந்துச்சு. நான் ஒவ்வொரு வேலையா விட்டுட்டு வந்து கதை சொல்றப்ப, அவ சமையல்கட்டு வாசல்ல நிப்பாளே, அந்த முகம். நாம ரெண்டு பேரும் சிரிச்சுட்டு இருப்போம். அவ ஒரு நாளாவது சிரிச்சாளா?" கீழே வைத்த சட்டையை மறுபடி எடுத்தார். "நான் அங்க வாயத் திறந்திருந்தா உன் பொழப்புல மண்ணுதான். சும்மா உக்காந்திருக்கவும் முடியலை. இந்த ஊர்ல என்னால ஆனது அவ்வளவுதான்மா. அது எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லை."

அது பொய். அவர் அவளிடம் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இவளிடமிருந்து தொற்றிக்கொண்டுவிட்டது போல. வாயாடி அடுத்த துணியை எடுத்தாள். புருஷன் வேலையிலிருந்து வந்தபோது இரண்டு பேரும் மும்முரமாக மடித்துக்கொண்டிருந்தார்கள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

அந்த வாரமே அடுத்த லேபுக்குப் போன் செய்து, இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். அப்பா ஊருக்குக் கிளம்பும்வரை கலகலப்பாகத்தான் இருந்தார். ஆனால் பட்டறைக் கதை ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பேத்தி ஒரு நாள், "தாத்தா, வேலைய விட்ட கதை சொல்லுங்க" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பழசாயிடுச்சு கண்ணு" என்று தட்டிக்கழித்துவிட்டார்.

டீச்சருக்கு மறுபடி ஷேட் எடுக்க இந்தத் தடவை முதலாளி வாயாடியையே அனுப்பினார். போக்குவரத்து மோசமாக இருக்கிறதாம். அவள் டீச்சரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்லி, நாக்கால் பல்லை ஈரமாக்கிக்கொள்ளச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் எடுத்தாள். முடிந்ததும் டீச்சர், "அன்னைக்கு வந்திருந்தாரே, பெரியவர், அவர் உங்க அப்பாவா? எனக்கு ரொம்பப் பாவமா இருந்துச்சு" என்றாள். நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. வாயாடி மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அப்பாவைப் பார்த்து யாரும் பாவம் என்று அதுவரை சொன்னதில்லை.

அந்தப் பல் கச்சிதமாக அமைந்தது. டாக்டரம்மா போன் செய்து பாராட்டினாள். பாராட்டை முதலாளி வாங்கிக்கொண்டார்.

கையெழுத்துப் போடுகிற நாளில் முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். பேனாவைத் திறந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு நிறுத்தினார். அவர் ஏதாவது சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு நான் பேசியது சரியில்லைம்மா என்று ஒரு வார்த்தை. அவள் அதற்கு, பரவாயில்லை சார் என்று சொல்லத் தயாராகக்கூட இருந்தாள்.

"உங்கப்பா தங்கமான மனுஷன்மா" என்றார் முதலாளி. "என்ன பணிவு! இந்தக் காலத்துல யாருக்கு வருது அது? உன்னையும் அப்படித்தான் வளத்திருக்கார்." சொல்லிவிட்டு மனநிறைவோடு கையெழுத்துப் போட்டார்.

எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லை சார். இது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மை காயவில்லை. காகிதம் இன்னும் அவர் கைக்கு அடியில் இருந்தது.

"தேங்க்ஸ் சார்" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படி ஓரமாகப் போய் நின்று அப்பாவுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"போட்டாரா?"

"போட்டுட்டாருப்பா."

"அப்பாடா!" மூச்சு விட்ட சத்தம் கடல் தாண்டிக் கேட்டது. "வேற ஏதாவது சொன்னாரா? அந்தப் பல்லு விஷயமா எதுவும் மனசுல வச்சுக்கலையே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. உங்களைத்தான் சொன்னாரு."

"என்னையவா? என்ன சொன்னாரு?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதில் கை தேர்ந்தவள்தானே. ஆனால் இந்த ஒரு விஷயத்திலாவது அவர் கொதித்தெழட்டும், கையுறையைக் கழற்றி வைக்கிற அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்போம் என்று அவளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது.

"தங்கமான மனுஷன்னாரு. ரொம்பப் பணிவானவர்னாரு."

 அப்பா போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏய், கேட்டியா! நம்ம வாயாடியோட முதலாளி என்னையப் பணிவான ஆளுன்னு சொன்னாராம்!"

"உங்களையா?" என்றாள் அம்மா. தையல் மிஷின் நின்றது.

"என்னையத்தான்! தங்கமான மனுஷனாம்!"

அம்மா சிரித்தாள். வாயாடி காதில் போனை அழுத்திக்கொண்டாள். அம்மா இப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதில்லை. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நடிப்பும் இல்லை. பரீட்சையில் பாஸ் செய்த பிள்ளையின் சிரிப்பு. அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

"பாத்தியாம்மா" என்றார், போனைத் திரும்பக் காதில் வைத்து. "என் கும்பிடு ஒண்ணும் வீணாப் போகலை."

"சிக்னல் சரியில்லப்பா, அப்புறம் பேசறேன்" என்றாள் வாயாடி. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அம்மாவின் சிரிப்பு துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தபோதே போனை அணைத்தாள்.